வேலிக்கு வெளியே நின்றவர்களையும் எண்ணிய புஷ்பா அன்ரி

புஷ்பா அன்ரி இறந்துவிட்ட செய்தி எங்கள் வீட்டுக்கு அப்பாவின் கைபேசி வழியாக வந்தது. இரவுச் சாப்பாட்டு நேரம். அப்பா வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"பக்கத்துத் தெருப் புஷ்பா போயிட்டாவாம்."

அம்மா உடனே எழுந்தார். "பொறுங்கோ, ஒருக்காப் போய்ப் பிள்ளையளோடை கதைச்சிட்டு வாறன்."

"இரும். செத்தவீட்டுக்கும் இந்த வீட்டிலையிருந்து ஒருத்தரும் போறேல்லை."

புஷ்பா அன்ரியை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு விரும்பியவர்கள் எழுதித் தரலாம் என்று அவருடைய மகன் கஜன் அண்ணை கேட்டிருந்தார். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கதவுக்குக் கீழே துவாயை வைத்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறேன். அப்பா கண்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதி முடிப்பேன்.

லண்டனுக்கு வருமுன் அன்ரி கிளாஸ்கோவில் இருந்தார். அங்கே ஓர் உதைபந்தாட்ட மைதானத்துத் தேநீர்க் கடையில் சனிக்கிழமைகளில் வேலை. கடையில் நிற்பவருக்கு மைதானம் முதுகுப் பக்கம். முன்னால் முழுக்கச் சனம். "நான் ஒரு கோலும் கண்டதில்லை பிள்ளை. சனம் எழும்புறதைத்தான் கண்டனான். எனக்கு அது காணும்" என்பார். எந்த அணி வென்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எவ்வளவு சனம் வந்தது என்று கேட்டால் அன்று முழுவதும் கதைப்பார்.

ஸ்கொட்லாந்தின் சாதனைக் கூட்டங்களைப் பற்றி அங்கே உடன் வேலை செய்த கிழவர்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, இங்கிலாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர் வந்தார்களாம். அன்ரி அந்தக் கணக்கை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"அது குறைச்ச கணக்கு. வாசல்லை தகப்பன்மார் தூக்கி உள்ளுக்கு விட்ட பிள்ளையளை ஆர் எண்ணினது? மதிலாலை ஏறினவனை ஆர் எண்ணினது?"

"அந்தச் சாதனையை இனி முறியடிக்க ஏலாதோ அன்ரி?"

"ஏலாது. இப்ப எல்லாருக்கும் கதிரை போட்டிட்டாங்கள். கதிரையிலை இருந்தா சனம் குறையும்."

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, லண்டனில் லூயிஷாம் கோயிலில் தேர்த் திருவிழா. தெரு நிறையச் சனம். எனக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன, அழுதேன். அன்ரி என்னைத் தூக்கி முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் தனக்கு முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். கிளாஸ்கோவில் அந்தக் காலத்தில் சிறுவர்களை இப்படித்தான் முன்வரிசைக்கு அனுப்புவார்களாம். தலைகளுக்கு மேலாகப் போய்த் தேருக்கு அருகில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தேன். அம்மா பின்னால் நின்று கத்தினார். அன்ரி சொன்னாராம்: "சும்மா இரும். சனத்துக்கை விட்ட பிள்ளை துலையாது. எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம்."

அந்த அன்ரியோடு அப்பா ஏன் கதைக்காமல் விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மோர்டனில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டி நடந்தது. அப்பா செயலாளர். எத்தனை நுழைவுச் சீட்டுகள் விற்றன என்பதை ஒலிவாங்கியில் அறிவித்து, இது சங்கம் காணாத கூட்டம் என்று பெருமையாகச் சொன்னார். தின்பண்டக் கடையில் ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்த அன்ரி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்தக் கணக்குக் காணாது. வேலி பாய்ஞ்ச பெடியள், வண்டிலுக்கை கிடக்கிற குழந்தையள், எல்லாத்தையும் சேரும். ரெண்டு மடங்கு வரும்."

பின்னாலிருந்து யாரோ கேட்டார்: "அப்ப மிச்ச ரிக்கெற் காசு எங்கை, செயலாளர்?"

மைதானமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே பதவியை விட்டார். சங்கம் இரண்டாகப் பிரிந்தது. அன்ரி ரோல்ஸ் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அன்ரி என்னிடம் கேட்டார்: "நான் கூட்டித்தானே சொன்னனான், குறைச்சோ சொன்னனான்?" அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

செத்தவீடு ஒரு பள்ளி நாளில், ஒரு மண்டபத்தில் நடந்தது. பள்ளி விட்டதும் போனேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை. மண்டபத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பள்ளிச் சீருடையோடு, பெட்டி ஏற்றிய வாகனம் புறப்படும்வரை நின்றேன். அங்கே நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் சங்கம் பிரிந்தபோது அப்பாவின் பக்கம் நின்ற மாமா ஒருவர் இறங்காமல் இருந்தார். அவர் என்னைக் கண்டார். நானும் கண்டேன். இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி, யாரையும் பாராமல் அப்பா கேட்டார்: "சனம் வந்ததாமோ?"

"எனக்கென்ன தெரியும்? போகவிட்டனீங்களோ?" என்றார் அம்மா.

பிறகு நானும் அம்மாவும் கஜன் அண்ணையைக் கடையில் கண்டோம். "அரை மண்டபம்கூட நிறையேல்லை அன்ரி. சனம் சனம் எண்டு சீவிச்ச மனுசிக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எதிர்ப்பக்கத்தில் நின்றதைச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கஜன் அண்ணை, உங்கள் கணக்கு குறைவு. நீங்கள் கதிரைகளைப் பார்த்திருக்கிறீர்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவில்லை. காருக்குள் இருந்தவரின் பெயரை நான் சொல்லமாட்டேன். அதை அவர்தான் சொல்ல வேண்டும். என் பெயரை நான் சொல்கிறேன். அதைச் சுருக்காமல், அப்பாவின் பெயரோடு முழுதாகப் போடுங்கள். அச்சில் வருமுன், நாளை காலை நானே இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஒரு கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே வராமல் நிற்பவர்களை முதலில் தேடும் கண்ணை அன்ரியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை வைத்திருப்பேன்.

அன்ரி, நானும் வந்தேன். என்னையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

சிவபாலன் மதுரா
நோர்பரி