செட்டிங்ஸில் இல்லாத கோளாறு

காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. போன வருடம் அம்மா இறந்த அன்று, மானகிரியில் எங்கள் வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர், “பிளக் எங்குட்டு இருக்கு?” என்றார். கூடத்துச் சுவரில் செருகியிருந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வயரைச் செருகினேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் செல்போன் சிக்னலில் வீடியோ நிற்காது. அம்மாவின் முகத்தை அவருக்குக் காட்ட, வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நெட் வரவில்லை. கேபிள் இணைப்பில் இல்லை என்று திரையில் வந்ததைப் படித்தேன், மனதில் ஏறவில்லை. ஐ.பி. முகவரியை மாற்றினேன். நெட்வொர்க்கை ரீசெட் செய்தேன். டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

பெரியப்பா வந்து, “எல்லாரும் காத்திருக்காகப்பா. எடுத்துரலாமா?” என்றார். தலையாட்டினேன்.

மயானத்திலிருந்து திரும்பியபோது, பெட்டிக்காரர் தன் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த இன்னொரு வயரை எடுத்து என்னிடம் நீட்டினார். “காலையில பிடுங்கினீகளே, மோடம் வயரு. மாட்டிக்கங்க.”

மாட்டினேன். நெட் வந்தது.

இப்போது யார் நெட் வரவில்லை என்று கூப்பிட்டாலும், செட்டிங்ஸைத் திறக்கும் முன் குனிந்து பிளக்கைப் பார்க்கிறேன். அண்ணனிடம் அன்று நெட் கோளாறு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.