சாராயத்தின் நடுக்கம்

லேசர் வைத்து வேலை பார்ப்பவர்களை ஊர் நம்பாது. அது பெரிய குறையில்லை. அவர்களும் தங்கள் கருவி உட்பட எதையும் நம்ப மாட்டார்கள். ஆய்வுக்கூடத்து இருட்டறையில் கண் பூத்துப்போனவர்களே, உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. திரவத்துக்குள் மூலக்கூறுகள் சும்மா கிடப்பதில்லை. சுருள்கம்பியில் கோத்த மாதிரி அணுக்கள் ஆடிக்கொண்டே இருக்கும். கண நேரமே நிற்கும் ஒரு லேசர் துடிப்பால் அந்த ஆட்டத்தைக் கிளப்பிவிட வேண்டும். பின்னாலேயே பச்சை நிறத்தில் இன்னொரு துடிப்பைச் சற்றுத் தாமதமாக அனுப்பி, ஆட்டம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பச்சை நிறம் மாறிச் சிதறி வெளிச்சமாக வரும், அடங்கிவிட்டால் வராது. ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் பத்து இருபது கூறுக்குள் எல்லாம் அடங்கிவிடும். இதை அளப்பதுதான் என் பிழைப்பு.

அப்பா வந்தார்

அப்பா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயி. மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் மத்தியானம் வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு உள்ளே உட்கார வைத்தேன். லேசரில் மின்சாரம் ஏறும் வரை காத்திருந்தோம். 'டப்' என்று ஒரு சத்தம். முதல் துடிப்பு அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. கருவித் திரையில் ஒரு புள்ளி குதித்துவிட்டு மறைந்தது. அடுத்த 'டப்'புக்கு லேசருக்குள் இருக்கும் கண்ணாடித்தண்டு சூடு ஆற வேண்டும் என்று சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

வெளியே என் வழிகாட்டி விஸ்வநாதன் சார் நின்றிருந்தார். கல்பாத்திக்காரர், எதையும் இரண்டு தரம் கேட்பவர். என் ஆய்வில் மற்றத் திரவங்களெல்லாம் முடிந்துவிட்டன, எத்தில் ஆல்கஹால் ஒன்றுதான் பாக்கி, அதுவும் முடிந்தால் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று அவர் விளக்கினார். அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன், அதற்குள் முடியாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார் அப்பா. போகும்போது சாரைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க சார், உள்ள ஒண்ணுமே தெரியலீங்களே. தெரியாததக் காட்டி எம்புள்ளைய எத்தன காலத்துக்கு வெச்சுக்குவீங்க?"

செல்வராஜின் வைரம்

எனக்குத் திரவம் என்றால் உடன் படித்த செல்வராஜுக்குத் திடப்பொருள். சூரியநெல்லி எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் குடும்பம் அவனுடையது. வைரத்துக்குள் அணுக்கள் எப்படி நடுங்குகின்றன என்று அளந்துகொண்டிருந்தான். வைரம் என்றால் மோதிரத்தில் வைக்கும் ஜாதி இல்லை, பழுப்பேறிய ஒரு சில்லு. அதையும் சார் தினமும் சாயங்காலம் எண்ணெய் விளக்குத் திரி மாதிரி பஞ்சில் சுருட்டி, பொடி டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

லீவுக்கு எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போனவன் அம்மாவிடம் பெருமையாக, "நான் வைரத்துல வேல பாக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். அந்தம்மா எழுந்து முதலில் கதவைச் சாத்தினாராம். அணு, நடுக்கம், லேசர் என்று இவன் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாராம். கேட்டு முடித்துச் சொன்னது: "கல்லு நடுங்குச்சாம், இவன் பாத்தானாம். ஒம் பையை அவுத்துக் காட்டுலே."

சாவடியில்

எனக்கு வேண்டிய ஆல்கஹால் சாதாரணச் சரக்கு இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு துளி அழுக்கு கூடாது. கோயமுத்தூரில் அரக்கு முத்திரை வைத்த பாட்டில் ஒன்று வாங்கினேன். கேரள எல்லையில் வாளையாரில் லாரி வரிசை நகரவே நகராது என்று கிளைச்சாலை பஸ்ஸில் வந்தேன். அங்கே ஒரு குட்டிச் சோதனைச் சாவடி, பெயர் வேண்டாம். சேலை கட்டிய ஒருத்தி மடியில் சுத்தச் சாராயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தக் கலால்காரர் விடுவார்?

இறக்கிவிட்டார்கள். பர்மிட்டைக் காட்டினேன். சாவடி அதிகாரி அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். லேசரால் ஆட்டிப் பார்ப்போம் என்று உண்மையைச் சொன்னேன். மேலதிகாரி வந்து பார்க்கட்டும், பாட்டில் இங்கே இருக்கட்டும், மறுநாள் வாருங்கள் என்றார். எழுதிக்கொண்டே முணுமுணுத்தார்: "குடிச்சவன் ஆடிப் பாத்திருக்கேனுங்க. சாராயமே ஆடும்னு இப்பத்தான் கேக்கறேனுங்க."

அடங்காத ஆட்டம்

மறுநாள் பாட்டில் கிடைத்தது. அரக்கு உடைந்திருந்தது. மோந்து பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். எங்கள் அறையில் கார்பன் டைசல்பைடு என்று ஒரு திரவம் எப்போதும் திறந்திருக்கும். அழுகின முட்டைக்கோஸ் வாடை. அதில் மூக்கை இழந்த எனக்கு வேறெந்த வாடையும் தெரியவில்லை.

அளந்தால் ஆட்டம் அடங்கவே இல்லை. பச்சைத் துடிப்பை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. இதற்குள் செத்து விழுந்திருக்க வேண்டிய நடுக்கம் குத்துக்கல்லாட்டம் நின்றது. உலகத்துக்கே புதுச் செய்தியோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். சாரிடம் ஓடினேன். அளவுகளை வைத்து நான் வரைந்த வளைகோட்டை அவர் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணு நீ பெரிசா என்னமோ கண்டுபிடிச்சிருக்கே, இல்லேன்னா தப்புப் பண்ணியிருக்கே. ரெண்டாவதாக்கும் வழக்கம், கேட்டியா?"

மருந்து

கோபத்தோடு அறைக்குத் திரும்பினேன். ஆனாலும் அவர் சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது. ஆட்டத்தைக் கிளப்பும் முதல் துடிப்பை ஒரு அட்டையால் மறைத்துவிட்டுப் பச்சையை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். அப்போதும் வெளிச்சம் வந்தது. ஆட்டமே இல்லாத இடத்தில் வெளிச்சமா? அப்படியென்றால் மூலக்கூறு நடுங்கவில்லை, திரவத்தில் இருக்கும் ஏதோ அழுக்கு தானாக ஒளிர்கிறது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குப் போனேன்.

அதிகாரி மறைக்கவே இல்லை. குடிக்கக் கூடாத சாராயத்தில், யாரும் வாயில் வைக்க முடியாதபடி நாற்ற மருந்து கலந்துவிடுவது அவர்கள் வழக்கம். என் பர்மிட்டில் 'குடிப்பதற்கு அல்ல' என்று போட்டிருந்தது. அதனால் கடமை தவறாமல் ஒரு மூடி ஊற்றியிருக்கிறார். என் வேலை முழுதும் பாழாகிவிட்டது என்று நான் கத்தினேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, முதல் தடவையாக என்னைக் கூர்ந்து பார்த்தார். "மருந்து கலந்தா உங்களுக்கு என்னங்க சங்கடம்? அப்ப குடிக்கத்தான் வாங்கினீங்களா?"

சாரின் முறை

அடுத்த பாட்டிலை வாங்கி வர சாரே கூட வந்தார். இந்த முறை வாளையார் வழி. லாரிகளுக்கு நடுவே அரைநாள் பஸ்ஸில் வெந்தாலும் அவர் பாட்டிலை மடியைவிட்டு இறக்கவில்லை. அளந்தேன். ஆட்டம் எழுந்தது, சரிந்தது, அடங்கியது. அதைவிட அழகான வளைகோட்டை நான் பார்த்ததில்லை. சார் அதை வாங்கி வைத்துக்கொண்டார், கையெழுத்துப் போடவில்லை.

அதற்குள் அப்பா வந்துவிட்டார், என் பெட்டியை எடுத்துப் போக. அவர் பொறுப்பதாகச் சொன்ன கொஞ்ச நாள் முடிந்துவிட்டது. சார் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்னையும் வெளியே நிற்க வைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 'டப்', 'டப்' என்று சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. என் அளவை அவரே முதலிலிருந்து எடுக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தும் என்னை நம்பவில்லையே என்றிருந்தது.

சாயங்காலம் சார் வேர்த்துப்போய் வெளியே வந்தார். அப்பாவிடம்தான் சொன்னார்: "நானும் எடுத்துப் பார்த்தேன். உங்க பொண்ணு சொன்னது சரியாக்கும்."

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. "பெத்தவன் நான், படிக்காதவன், நான் சந்தேகப்பட்டனுங்க. நீங்க கூடவே இருந்து பாத்தவிங்க, நீங்களுமா சார் எம்புள்ளைய நம்புல? அம்மிணி, எழுதி முடிச்சுப்போட்டே ஊட்டுக்கு வா."

அப்பாவுக்கு நான் கடைசிவரை விளக்கிப் புரியவைக்க முடியாமல் போனது ஒன்றுதான்: எங்கள் தொழிலில் 'உன்னை நம்புகிறேன்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மெனக்கெட்டு ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு நம் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் அதற்கு அதுதான் அர்த்தம்.