ஓரம் கருகிய ஹைட்ரேஞ்சியா

போன செவ்வாய்க்கிழமை ஒரு பையில் இரண்டு இலைகளைப் போட்டுக்கொண்டு நற்பிட்டிமுனைக்குப் போனேன். நோயாளியைக் கொண்டுபோக முடியவில்லை – சாடி அவ்வளவு கனம்.

நோயாளி ஒரு ஹைட்ரேஞ்சியா. நுவரெலியாவில் வேலியோரமெல்லாம் நீலமாகப் பூத்து நிற்குமே, அதுதான். மூன்று வருடத்துக்கு முன் அங்கே போனபோது என் மனைவி நஸீமா ஒரு கன்றை வாங்கி, கல்முனை வரைக்கும் மடியில் வைத்தே கொண்டுவந்தாள். நம் ஊர் வெக்கைக்கு ஒரு மாதம் தாங்காது என்றேன். தாங்கியது. நீலத்துக்குப் பதில் இளஞ்சிவப்பாகப் பூக்கவும் செய்தது.

இப்போது நஸீமா கட்டாரில். மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதமாகிறது. போகும்போது மருந்து, கேஸ், கதவுப் பூட்டு என்று எனக்கு ஆயிரம் சொன்னாள். செடிக்குச் சொன்னது ஒன்றுதான் – காலையில் ஒரு தரம் தண்ணீர். என்ன தண்ணீர் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிணற்று மோட்டரைப் போட்டு ஹோஸைப் பிடித்தேன். மூன்றாம் வாரம் இலையோரங்கள் பழுப்பாகின. தாகமோ என்று இரண்டு தரம் ஊற்றினேன். இன்னும் கருகியது. வெயில் போதாதோ என்று முற்றத்து நடுவுக்கு இழுத்தேன். என் இடுப்பு நாரி பிடித்ததுதான் மிச்சம். இன்டர்நெட்டில் தேடினால் பத்துக் காரணம் போட்டிருந்தார்கள். பத்தும் எனக்குப் பொருந்தின.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் வீடியோ கோல் வரும். பேரனைக் காட்டுவார்கள். பிறகு நஸீமா தன் பூமரம் எப்படி என்று கேட்பாள். நான் சாடியைத் திருப்பி, பச்சையாக இருக்கும் பக்கத்தைக் காட்டுவேன். நாளாக ஆக அந்தப் பக்கமும் சிறுத்துக்கொண்டே வந்தது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு செடியை வைத்துப் பொய்யா? வெட்கமாக இருந்தது. ஆனால் இந்த வீட்டில் என்னை நம்பி விட்டுப்போன உயிர் அது ஒன்றுதானே... செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

நற்பிட்டிமுனையில் பூங்கன்று விற்கும் அம்மா இலைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பூஞ்சணம் என்றால் வட்டம் வட்டமாகப் புள்ளி விழுமாம். இது ஓரத்தில் தொடங்கி உள்ளே போகிறது. கடலுக்குக் கிட்ட வீடா, என்ன தண்ணீர் என்று கேட்டார். கிணறு என்றேன்.

"உப்பு, சேர். வாயில வைக்கேலாத தண்ணிய அதுக்கு ஊத்தியிருக்கீங்க."

வைத்தியமும் சொன்னார். இனிக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்; பைப் தண்ணீரை மெதுவாக, சாடியின் அடியால் வழிந்தோடும் வரை ஊற்ற வேண்டும் – மூன்று தரம், உப்புக் கழுவிப்போக. முழுதாகக் காய்ந்ததை மட்டும் வெட்ட வேண்டும். காலை வெயில் போதும், மத்தியானத்துக்குச் சுவர் நிழல். தளிர் வரும்வரை உரம் கூடாது. கருகின இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

எல்லாம் செய்தேன். அன்று அஸருக்குப் பிறகு, கருகிய பக்கத்தை கெமராவுக்கு நேரே திருப்பினேன்.

நஸீமா அசரவில்லை. "எனக்குத் தெரியும். ரெண்டு கிழமையா ஒரே கிளையத்தான் காட்டுறீங்க."

தெரிந்தும் ஏன் தினமும் கேட்டாய் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிட்டீங்களா என்டு கேட்டா ஓம் என்டு சொல்லிட்டு நிப்பாட்டிருவீங்க. பூமரத்தக் கேட்டாத்தான் அஞ்சு நிமிசமாவது கதைக்கிறீங்க."

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வாராவாரம் உங்களோடு இவ்வளவு கதைக்கிறேன். வீட்டுக்காரிக்கு ஒரு 'ஓம்'!

பிறகு அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம். பிள்ளையைப் பார்க்க ஆளில்லையாம். இன்னும் இரண்டு மாதம் நிற்கவா என்று கேட்டாள். நில்லு, எனக்கென்ன குறை என்றேன். கோலை வைத்த பிறகு ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. ஒருவனுக்குச் சமைக்க மனமில்லாமல் பாணும் சம்பலும் வாங்கப் போனேன்.

இன்று காலை செடியின் அடியில் இரண்டு தளிர் பார்த்தேன். நகத்தளவு, நல்ல பச்சை. உடனே நஸீமாவுக்கு போட்டோ அனுப்பப் போனேன் – அனுப்பவில்லை.

அஸருக்குப் பிறகு கதைக்க எனக்கும் ஏதாவது வேண்டாமா?