தாலியை விடாதீங்க லா!

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதைக் கேட்ட ஒரு பெண்மணி வயல்காட்டில் காணாமல் போய்விட்டார்... நிஜம்தான். சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா சரோஜா ஓய்வுபெற்ற தாதி. 'மிஸ்ஸி' என்றால்தான் பத்து காஜா ஊரில் பலருக்குத் தெரியும். அத்தான் தவறிய பிறகு, வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஒரு சைக்கிள் வாங்கினார். ஈப்போவில் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்தார். அறுபதை எட்டப்போகிற வயதில் இது தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானும் கேட்டிருப்பேன் — அக்காவிடம் எனக்குப் பயம்.

இதே சொந்தக்காரர்கள்தான் கல்யாணங்களில் அக்காவை மணமேடைப் பக்கம் அண்டவிடுவதில்லை. 'வராதே' என்று யாரும் சொல்லமாட்டார்கள். "நீங்க உக்காருங்க அக்கா, காலு வலிக்கும்" என்பார்கள். என்ன ஒரு அக்கறை! கிளேடாங் மலை ஏறுகிற கால், மணமேடை ஏறினால் வலித்துவிடுமாம்.

விஷயத்துக்கு வருகிறேன். புக்கிட் மேரா ஏரியில் கிளம்பி, பாகான் செராய் வழியாகக் கடலோரம் குவாலா குராவ் வரை ஒரு நாள் சைக்கிள் பயணம். முதல் முறையாக அக்காதான் தலைவி; கூட நானும். குழுவில் மாறன் என்று ஒருவர், சாமான் ஏற்றிய லோரி அவருடையது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"யாராச்சும் வழி மாறிப் போயி, நான் லோரி எடுத்துத் தேடுற மாதிரி ஆச்சுன்னா, அடுத்த தடவ வேற ஆளு பாத்துக்கலாம் அக்கா."

"ஓகே லா" என்றார் அக்கா.

வழி நெடுகத் துணைக்கு வருவது கிரியான் வயல்களின் பழைய கால்வாய். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. இன்றும் அந்தத் தண்ணீரில்தான் அங்கே நெல் விளைகிறது. மலாயில் அதற்குப் பெயர் 'தாலி ஆயர்'. தாலி என்றால் கயிறு, ஆயர் என்றால் தண்ணீர். அக்கா சில வருஷம் பாகான் செராய் பக்கம் வேலை பார்த்தவர். பேசிப் பேசி அவர் வாயில் 'ஆயர்' உதிர்ந்து, வெறும் 'தாலி' ஆகிவிட்டது.

காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக் கிளம்பினோம். பாகான் செராய் தாண்டியதும் எதிர்காற்று. முன்னும் பின்னுமாகச் சிதறிவிட்டோம். கால்வாய் பிரியும் இடத்தில் நின்று, அக்கா குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்:

"எல்லாரும் கேளுங்க. தாலிய மட்டும் விடாதீங்க லா! அது எங்க வளைஞ்சாலும் கூடவே போங்க. விட்டீங்க, அவ்ளோதான்... நடு வயல்ல தனியா நிக்கணும். நான் பட்டவ, சொல்றேன்."

ஒரு தடவை அந்தப் பக்கம் வழி தெரியாமல் அலைந்ததைத்தான் அக்கா சொன்னார். எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்கும் புரிந்தது. லலிதாவுக்கு?

லலிதா அன்றைக்குத்தான் குழுவில் சேர்ந்தவர். குவாலா குராவ் போய்த் தலைகளை எண்ணினால் அவர் தலையைக் காணோம். மாறன் லோரிச் சாவியை எடுத்துவிட்டார்.

"இருங்க" என்று அக்கா போனைப் போட்டார், ஸ்பீக்கரில்.

"லலிதா, எங்க இருக்கீங்க?"

"தெரியலக்கா... நாலு பக்கமும் நெல்லாவே இருக்கு."

"தாலிய விட்டுட்டீங்களா?"

"ஐயோ, இல்லக்கா! கழுத்துலதான் இருக்கு!"

போனில் லலிதா அழுதார். "நீங்க உங்க வீட்டுக்காரர நெனச்சு மனசு ஒடைஞ்சு பேசறீங்கன்னு நெனச்சேன்கா. அழுதுகிட்டே வந்தேன்... எங்க திரும்புனேன்னே தெரியல."

அக்கா சிரித்தார் பாருங்கள்... அத்தான் போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் மிஸ்ஸி திரும்பி வந்துவிட்டார்.

"பக்கத்துல சின்ன வாய்க்கா இருக்கா? தண்ணி எங்கேருந்து வருதோ அந்தப் பக்கமா மிதிங்க. பெரிய கால்வா வரும். அங்கயே நில்லுங்க, நான் வாரேன்."

லோரி வேண்டாம் என்றுவிட்டு, வந்த வழியே திரும்பி மிதித்தார். நான் இரைக்க இரைக்கப் பின்னால் போனேன். சொன்ன இடத்தில், சொன்னபடியே லலிதா நின்றிருந்தார்.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அடுத்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம்கா. தாலித் தட்ட சபையில ஆசீர்வாதத்துக்கு எடுத்துட்டுப் போவாங்கல்ல... அத நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?"

அக்கா சரியென்று தலையை ஆட்டினார். எனக்கு 'இவங்க என் அக்கா!' என்று அந்த வயல் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருக்கலாம். கொக்குகள்தானே இருந்தன?

மூவரும் குவாலா குராவ் போய்ச் சேர்ந்தோம். மாறன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே, தலையைச் சொறிந்தார்.

"அடுத்த மாசம் லூமுட் போலாமா அக்கா? நீங்களே கூட்டிட்டுப் போங்களேன்."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அடுத்த மாசம் முடியாது லா. எனக்குக் கல்யாண வேலை இருக்கு!"