ஆறாம் அத்தியாயத்து அதிரசம்

தாயம்மாள் கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து இருபத்தொன்பது வருஷமாகிறது. கணவர் மகேஸ்வரனுக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. மாற்றலாகி வந்தவர் அங்கேயே நிலைத்துவிட்டார். தாயம்மாளோ ஜாதவ்பூரில் ஒரு பலகாரக் கடை போட்டு, முறுக்கும் சீடையும் தட்டையும் சுட்டே அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரிந்த முகமாகிவிட்டாள். வங்காளிகள் அவளை ‘மாஷிமா’, அதாவது சித்தி, என்பார்கள். வங்காள மொழியில் பேரம் பேசினால் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது.

பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கிடைத்த தமிழ்ப் புத்தகத்தை எழுத்தெழுத்தாக மென்று தின்பாள். ஒருநாள் அப்படி இருந்தபோதுதான் சாதனா வந்தாள். நியூ டவுனில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு தமிழ் நாவலைப் பற்றிப் பேசுவார்கள்.

“அக்கா, இந்த மாசம் ஒரு கிராமத்துக் கொலைக் கதை. நீங்களும் வாங்களேன்.”

“பலகாரம் எத்தன கிலோ வேணும், சொல்லு.”

“பலகாரம் இல்லக்கா. பேசுறதுக்குத்தான் கூப்பிடுறேன்.”

சாதனா புத்தகத்தைத் தாயம்மாளின் கையில் திணித்துவிட்டுப் போனாள். கடைசி அத்தியாயத்தின் பக்கங்கள் ஸ்டேப்ளர் போட்டு மூடியிருந்தன. எல்லாப் பிரதிகளும் அப்படித்தான். கொலையாளி யார் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகே பிரிக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்தான் அடுத்த மாதப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பார்.

கதை இதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன நல்லமுத்து, திடீரென்று ஒருநாள் விடியற்காலையில் திரும்பி வருகிறான். மறுநாள் மாந்தோப்பில் பிணமாகக் கிடக்கிறான். உடம்பில் விஷம். அந்த விஷம் அவன் வருவதற்கு முந்தின நாளே டவுனில் வாங்கப்பட்டது என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். அப்படியென்றால் அவன் வரப்போவது ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் ‘எனக்குத் தெரியாது’ என்கிறார்கள்.

தாயம்மாள் மூன்று வாரத்தில் இரண்டு தடவை படித்துவிட்டாள். ஆறாம் அத்தியாயத்தை மட்டும் நாலு தடவை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி நியூ டவுன் போய்ச் சேர்ந்தாள். சாதனாவின் வீடு பதினோராவது மாடியில். அவள் நுழைந்ததும் ஒரு அம்மாள் எழுந்து, “பலகார டப்பாவை அந்த மேஜையில வச்சிடுங்கோ” என்றாள். தாயம்மாளிடம் டப்பாவே இல்லை. கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பேச்சைத் தொடங்கியவர் சேஷாத்ரி. மத்திய அரசில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவது வழக்கம்.

“வைத்தியர்தான். விஷம்னா என்னன்னு ஊர்ல தெரிஞ்ச ஒரே ஆசாமி அவர். இதுல யோசிக்கவே ஒண்ணுமில்லை.”

“இல்ல அங்கிள், அது ரொம்ப ஆப்வியஸ்,” என்றாள் கல்லூரி மாணவி மேக்னா. “எனக்கு அந்த வைத்தியரோட மருமகன் மேலதான் டவுட்.”

அரைமணி நேரம் வைத்தியருக்கும் மருமகனுக்கும் நடுவே பந்து போய்ப் போய் வந்தது. சாதனாதான் திரும்பிப் பார்த்தாள். “அக்கா, நீங்க யாரை எழுதினீங்க?”

“பவளக்கொடி,” என்றாள் தாயம்மாள்.

அறையில் சிரிப்பு எழுந்தது. பவளக்கொடி செத்தவனின் சொந்தத் தங்கை. கதை முழுக்க அழுதுகொண்டே இருப்பவள்.

“பாவம், அந்தப் பொண்ணு அண்ணனுக்குப் பலகாரம் செஞ்சு கொண்டுவந்ததைத் தவிர என்ன பண்ணித்து?” என்றார் சேஷாத்ரி.

“அந்தப் பலகாரம்தான் சார் அவளக் காட்டிக்குடுக்குது.” தாயம்மாள் புத்தகத்தில் ஆறாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். “அண்ணன் வந்துட்டாருன்னு காலையில கேள்விப்பட்டேன், உடனே அரிசிய ஊறப்போட்டு இடிச்சு, அதிரசம் சுட்டு மத்தியானத்துக்குக் கொண்டுவந்தேன்னு இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லுதா. அது நடக்காது. அதிரச மாவப் பாகுல கெளறி ஒரு நாளாச்சும் ஊற வைக்கணும். கெளறின கையோட சுட்டா எண்ணெயில பிரிஞ்சு தூளாப் போகும். ஆனா இவ கொண்டுவந்தது வட்டம் கலையாம, மெத்துன்னு இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. அப்ப மாவு முந்தின நாளே ரெடி. அண்ணன் வருவாருன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

சேஷாத்ரி தொண்டையைக் கனைத்தார். “நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். எழுதினவருக்குச் சமையல் தெரியாம இருக்கலாமில்லையா? ஆத்தருக்கு ஒரு ஸ்லிப்.”

“நானும் அப்படித்தான் சார் மொதல்ல நெனச்சேன்.” தாயம்மாள் முன்பக்கங்களுக்குப் போனாள். “இரண்டாவது அத்தியாயம், முப்பத்தோராம் பக்கம் பாருங்க. பக்கத்து வீட்ல தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடியே மாவு கெளறி, சட்டி வாயில துணியால வேடு கட்டி வைக்காங்க. எழுதுனவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் அவளப் பொய் சொல்ல வச்சிருக்காரு.”

ஆளாளுக்குப் பக்கங்களைப் புரட்டினார்கள். முப்பத்தோராம் பக்கத்தில் வேடு கட்டிய சட்டி இருந்தது. எல்லாரும் படித்த பக்கம்தான்.

“ஓ மை காட்,” என்றாள் மேக்னா.

சாதனா ஸ்டேப்ளர் கம்பிகளைப் பிடுங்கினாள். யார் வாசிப்பது என்ற கேள்வி வந்தபோது, சேஷாத்ரியே தன் நாற்காலியைத் தள்ளி நடுவில் இடம்விட்டார். “அவங்களே வாசிக்கட்டும்.”

தாயம்மாள் வாசித்தாள். அவசரப்படவில்லை, ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. இன்ஸ்பெக்டர் பவளக்கொடியின் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து, “மாவு என்னைக்கும்மா கிளறினே?” என்று கேட்ட வரியில் கூட்டம் ஹோவென்று கத்தியது. மேக்னா எழுந்து, “தாருண், மாஷிமா! பிரமாதம்!” என்று அவளைக் கட்டிக்கொண்டாள். டப்பாவை மேஜையில் வைக்கச் சொன்ன அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் யார் யார் மேல் சந்தேகம் வந்தது, எப்படி விலக்கினீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். தாயம்மாள் ஒவ்வொருவராகச் சொன்னாள். பேச்சு முடிய ஒரு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று.

“அடுத்த மாசம் என்ன புத்தகம்?” என்றார் சேஷாத்ரி, நோட்டைத் திறந்து பேனாவோடு. “உங்க தேர்வு. நீங்கதான் நடத்தணும்.”

“யோசிச்சுச் சொல்லுதேன் சார்,” என்றாள் தாயம்மாள். சும்மா சொன்னாள். மூன்று புத்தகங்களின் பெயர்கள் அவள் மனதில் ஏற்கெனவே தயாராக இருந்தன.

கீழே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கணவருக்குப் போன் போட்டாள். யார்டில் இன்ஜின் ஊதும் சத்தத்துக்கு நடுவே மகேஸ்வரன் கத்தினார்.

“என்ன தாயி?”

“கொலகாரியக் கண்டுபிடிச்சிட்டேங்க! அத்தன பேருல நான் ஒருத்திதான்!”

“கொலையா? எங்க? நீ எங்க நிக்க? போலீசுக்குச் சொல்லியாச்சா?”

தாயம்மாள் சிரித்த சிரிப்பில் ஸ்டாப்பில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது, ஜன்னலோர சீட் கிடைத்தது. நல்லமுத்து ஊருக்குள் கால் வைத்த விடியற்காலையிலிருந்து கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.