எழுத்தில்லாத ஓசையோடு அகரம் வரை

தை மாதக் கடைசியில் இந்தப் பயணம் போனோம். தாயம்மாள் என்பவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து கப்பலில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலேறி, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்குத் தங்கியிருந்தார். அவருடைய தாத்தா பெரியண்ணன் இங்கே பக்கத்து அகரம் கிராமத்திலிருந்து அந்நாட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அந்த வீட்டாரைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஆனால் ஆறு நாள் காய்ச்சலில் போயிற்று. மிச்சம் ஒரே பகல்; மறுநாள் காலை பம்பாய்க்கு ரயில். படிப்பை நிறுத்தி வீட்டிலிருந்த என்னை அப்பா துணைக்கு அனுப்பினார்.

எட்டேகாலுக்குப் பஸ். தாடிக்கொம்பு ஐந்து மைல். ஆளுக்கு இருபது நயா பைசா. அங்கிருந்து மாட்டு வண்டி, போக வர ஒன்றரை ரூபாய்.

வண்டிக்காரர் சுப்பையா கன்னத்தோரம் நாக்கைச் சொடுக்கி மாடுகளை ஓட்டினார். நேட்டால் மண்ணின் ஜூலு மொழியில் அது ஒரு மெய்யெழுத்து என்றார் தாயம்மாள். அப்படிச் சொடுக்கும் மெய்கள் அங்கே மூன்று வகையாம். முன்பல்லில் ஒட்டி எடுப்பது ஒன்று. நாம் சலிப்பில் ‘ப்ச்’ என்போமே, கிட்டத்தட்ட அது. மேலண்ணத்தில் எழுவது முட்டைக்கான சொல்லில் வரும். கன்னத்தோர ஓசை தவளைக்கான சொல்லில் இரண்டு முறை வரும். சொல்லியும் காட்டினார்.

“நாங்க மாட்டுக்குச் சொல்றத அவுக தவளைக்குச் சொல்றாகளாக்கும்” என்றார் சுப்பையா.

நமக்கும் அந்த ஓசை உண்டு, எழுத்துதான் இல்லை. அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட வந்தால், வேண்டாம் என்பதை நான் அதில்தான் சொல்கிறேன்.

அகரத்தில் இரண்டு மணி வரை விசாரித்தோம். பெரியண்ணனை யாருக்கும் தெரியவில்லை. பாதி வீடுகள் பூட்டியிருந்தன. ஒருவர் நிலத்தில் பங்கு கேட்டு வந்தோமா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். தாயம்மாள் போதும் என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

திரும்பும்போது குடகனாற்று மணலில் சக்கரம் புதைந்தது. சுப்பையா சாட்டையை எடுத்தார். தாயம்மாள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கன்னத்தோரம் இரண்டு சொடுக்கு, பிறகு உதட்டைக் குவித்து நீளமாக ஓர் இழுப்பு. மாடுகள் ஒரே மூச்சில் கரையேறின. தாத்தா ஜூலுக்காரர்களிடம் கற்ற சத்தம் என்றார்.

சுப்பையா வண்டியை நிறுத்திவிட்டார். “இது அகரத்து மேலத்தெரு காளியம்மா வீட்டு மாடுக. போன வருசம் வாங்குனேன். அந்த வீட்டாளுகதேன் ரெண்டு தட்டி ஒண்ணு இழுப்பாக. எனக்கே இன்னும் வரல.”

நாலு மணி பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. “வண்டியத் திருப்புங்க” என்று நான்தான் சொன்னேன். அன்று நான் சுப்பையாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

காலையில் பூட்டியிருந்த வீடுதான். இப்போது கதவு திறந்திருந்தது. தாயம்மாள் வாசலில் நின்று அதே ஓசையை எழுப்பினார்.

“ஏன்டா, அதுக்குள்ள வந்துட்ட?” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. மகன் என்று நினைத்து வெளியே வந்த காளியம்மாள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். அவருடைய மாமனாருக்குச் சித்தப்பா ஒருவர் கப்பலேறிப் போனாராம். ஊரில் அவரை மொட்டையன் என்றுதான் கூப்பிட்டார்களாம். பெரியண்ணன் என்பது கப்பல் சீட்டுக்குக் கொடுத்த பெயராம்.

உறவு தேடிப் போகிறவர்கள் பகலில் போய்ப் பயனில்லை. எல்லாரும் காட்டு வேலையில் இருப்பார்கள். காகிதத்தில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வண்டியை நாள் முழுதுக்கும் பேசிக்கொள்ளுங்கள். கடைசி பஸ் ஆறரைக்கு. அதில் நான் மட்டும் திரும்பினேன். மறுநாள் ரயில் தாயம்மாள் இல்லாமல் போயிற்று.