நாலாவது மாடி

அவர் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார். மூன்று தட்டுக்கு ஒரு பிஸ்கட் என்று கணக்கு. ஜன்னல் விளிம்பில் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஈரக்கை படாமல் குனிந்து வாயாலேயே கவ்வி எடுப்பார். "வெகுமதி இல்லாம மனுஷன் விரலைக்கூட அசைக்க மாட்டான்" என்பது அவர் கட்சி.

ஆட்களை எப்படி மனமுவந்து வேலை செய்ய வைப்பது என்று கம்பெனி கம்பெனியாகப் போய் சூப்பர்வைசர்களுக்கு வகுப்பெடுப்பது அவர் பிழைப்பு. மனிதன் ஏன் ஒன்றைச் செய்கிறான் என்பதற்கு அவரிடம் ஏழெட்டுக் கொள்கைகள் உண்டு. வீட்டில்தான் ஒன்றும் போணியாகவில்லை. காய்ந்த துணியைத் தானாக எடுத்து மடித்துக்கொண்டிருந்த மகளைப் பாராட்டி, ஒருநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஸ்டார் ஒட்டினார். அதன் பிறகு ஸ்டார் இல்லாமல் ஒரு சாக்ஸ்கூடக் கொடியைவிட்டு இறங்கியதில்லை.

மனைவியின் பயணப் பெட்டி, சக்கரம் கழன்று ஒரு வாரமாக அடுப்படி மேசையோரம் நிற்கிறது. அதன்மேல், வீட்டில் இருக்கிற ஒரே ஸ்க்ரூடிரைவர். "மாட்டிக் குடுங்களேன்" என்றால், "உள்ளேயிருந்து ஒரு உந்துதல் வரணும்மா" என்பார்.

இன்று அவளால் பேச்சைத் தள்ளிப்போட முடியாது. ஆபீஸில் அவளுக்கு வேறு ஊரில் பெரிய பொறுப்பு தருகிறார்கள். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். நாளைக் காலையில் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஏங்க, நான் போகட்டுமா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நுரையைத் தொட்டு மேடைமேல் ஒரு கோபுரம் வரைந்தார்.

"இங்க பாரு. மனுஷனோட தேவை மாடி மாடியா ஏறும். கீழ சோறு, தூக்கம். அதுக்கு மேல பாதுகாப்பு. அப்புறம் பாசம். நாலாவது மாடி மரியாதை. நீ இப்ப அங்க நிக்கற. அதான் இந்த வேலை உன்னை இழுக்குது."

"காலைலேர்ந்து இந்த அடுப்படியிலதான் நிக்கறேன். நீங்க எந்த மாடி?"

"நான் பொதுவா சொல்றேன்."

"பொதுவா வேணாம். நான் போகணுமா, இருக்கணுமா? உங்களுக்கு என்ன வேணும்? ஒரு வார்த்தைல சொல்லுங்க."

கோபுரம் அடித்தளத்திலிருந்து கரைந்து தொட்டியை நோக்கி வழிந்தது. கழுவிய டம்ளரையே அவர் இன்னொரு தரம் கழுவினார். பாக்கெட்டில் பிஸ்கட் மீதியிருந்தது, குனியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார். பெட்டியைத் தொடவில்லை. அதன்மேலிருந்த ஸ்க்ரூடிரைவரை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.